கடைசி ரயிலிலிருந்து பின்னோக்கி

சிட்னிக்காரருக்குக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே ராயல் தேசியப் பூங்கா, வடக்கே கூரிங்காய் சேஸ், மேற்கே புளூ மவுண்டன்ஸ், கிழக்கே பசிபிக் கடல். மூன்று காட்டுக்கும் ரயிலில் போகலாம். காலையில் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டு, பகல் முழுக்க நடந்து, இராச்சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உலகத்தில் எத்தனை பெருநகரங்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

ராயல் பூங்கா 1879-இல், அமெரிக்காவின் யெலோஸ்டோனுக்கு ஏழு ஆண்டுகள் பிந்தி, நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நாங்கள் அங்கே முதன்முதல் போனது 1997-இல். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சனவரித் தீ பூங்காவின் பெரும்பகுதியை எரித்திருந்தது. அடிமரங்களில் கரி இன்னும் அப்பியிருந்தது. கரிக்கு நடுவே பாங்சியாக் கன்றுகள் இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றன. பாங்சியாவின் மரக்கட்டை போன்ற காய் தீயின் சூட்டில்தான் வாய் திறந்து விதையைக் கொட்டும் என்று அத்தான் எனக்குச் சொன்னது அங்கே வைத்துத்தான்.

அத்தான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். இங்கே வந்து தொழிற்சாலையில் இரவு வேலை. ஹோம்புஷில் எங்கள் சின்ன வீட்டின் குசினி மேசையில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் வரைபடத்தை விரிப்பார். 1:25,000 அளவு, நான்கு சென்றிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பாதையின் வளைவு நெளிவுகளோடு ஒரு தையல் நூலை ஒட்டி வைத்து, பிறகு அதை நிமிர்த்தி அடிமட்டத்தில் அளப்பார். சமஉயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அங்கே நேரம் கூடுதலாகும்.

திசையறிகருவியைப் பற்றி அவர் கவனமாகச் சொல்லித் தருவார். யாழ்ப்பாணத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். சிட்னியில் ஊசி 12 பாகைக்கு மேல் கிழக்கே சாய்ந்து நிற்கும். அதைத் திருத்தாமல் நேரே ஒரு கிலோமீற்றர் நடந்தால் போக வேண்டிய இடத்திலிருந்து 200 மீற்றருக்கு மேல் விலகிப் போயிருப்போம். இந்த மணற்கல் நாட்டில் 200 மீற்றர் என்றால் வேறொரு பள்ளத்தாக்கு.

ஆனால் அவருடைய கணக்கு வடக்கில் தொடங்குவதில்லை. கடைசி ரயிலில் தொடங்கும். வீட்டுக்கு வர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், அதைப் பிடிக்க எத்தனை மணிக்கு மேடையில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக எங்கே இருக்க வேண்டும், அதற்கு முன் எங்கே சாப்பாடு. இப்படிப் பின்னோக்கி வந்து வந்து, கடைசியில்தான் காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பது தெரியவரும். ‘போற வழியை ஆரும் கண்டுபிடிப்பினம். வாற வழியை முதல் பார்’ என்பார்.

பண்டீனாவிலிருந்து ஒட்ஃபோர்ட் வரை கடலோரமாகப் போகும் கோஸ்ட் ட்ராக் 26 கிலோமீற்றர். கல்லும் மணலும் ஏற்றமும் கலந்த பாதையில் மணிக்கு மூன்று கிலோமீற்றர் என்று அவர் கணக்கு வைப்பார். அப்படியானால் இளைப்பாறாமல் நடந்தாலும் ஒன்பது மணித்தியாலம். யூன் மாதத்தில் சூரியன் ஏழு மணியளவில் எழும்பி ஐந்து மணியளவில் விழுந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் முழுப் பாதையும் வேண்டாம். நவம்பரில் ஏழரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் வெயில் கொல்லும். வழியில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு நான்கு லீற்றர், பாண், சம்பல், அவித்த முட்டை. இரண்டு நாளாகப் பிரித்து நோர்த் எராவில் கூடாரம் போடுவோரும் உண்டு. அத்தானுக்கு ஒரே நாளில் போக வேண்டும்.

குரொனல்லாவில் ரயிலை விட்டு இறங்கி, 1939-இல் கட்டிய ‘குரனல்லா’ என்ற மரப்படகில் பண்டீனாவுக்குப் போவோம். அங்கிருந்து வெள்ளை மணற்கல் செங்குத்துகளின் மேல் நடை. வட்டமொல்லா தாண்டி, கெரி கடற்கரை தாண்டி, பேர்னிங் பாம்ஸுக்கு அப்பால் திடீரென்று காடு மாறும். வெயில் தெரியாத ஈரம், நாலாபக்கமும் கபேஜ் பனைகள். எங்கள் பனையின் ஓலை போலவே விசிறியாய் விரிந்த மட்டைகள். அவ்வளவு நேரமும் மணி பார்த்துக்கொண்டு வந்த அத்தான் அங்கே மட்டும் மணி பார்க்க மறப்பார். மழை பெய்திருந்தால் அட்டைகள் சப்பாத்துக்குள் ஏறும்; நின்று கழற்றிப் பார்க்கவும் கணக்கில் நேரம் வைத்திருப்பார்.

அக்கா வரமாட்டா. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையோடு நடந்தவ. பிறகு கடலேரி கடந்து, வன்னிக் காட்டில் மழைக்குள் மரத்தின் கீழ் படுத்தவ. ‘காட்டுக்க கிடந்தது போதாதே? காசு குடுத்து ரயிலேறி ஏன் திரும்பவும் காட்டுக்க போறியள்?’ என்று கேட்பா. அதற்கு அத்தானிடமும் பதில் இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். புறப்படும் முன், எந்தப் பாதை, எந்த இடத்தில் எத்தனை மணி, எந்த ரயில், எத்தனை மணிக்கு மேல் வராவிட்டால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவார். போனவர் வருவாரா என்று தெரியாமல் வாசலில் நின்று பழகிய பெண்ணுக்கு அந்தத் தாள் பெரிய மரியாதை. வரைபடத்தை விட அதை எழுதவே அவருக்குக் கூடுதல் நேரம் எடுக்கும்.

கோஸ்ட் ட்ராக் நாட்களில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தா. ஒட்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில்தான் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில், 1985-இலிருந்து இருப்பது. பக்கத்து வீட்டாரின் காரில் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு, புளியோதரையோடு எங்களை ஸ்டேசனில் ஏற்றிப் போவா. காட்டின் விளிம்பு வரைக்கும் வந்தா. அதற்கு மேல் ஓரடி வைக்கமாட்டா.

இந்த மண்ணில் நடையைத் திட்டமிட்டவர்களுக்கு ஒரு பரம்பரை உண்டு. சரியான வரைபடமே இல்லாத காலத்தில் மைல்ஸ் டன்ஃபி தானே நடந்து அளந்து வரைந்தார். 1914-இல் மவுண்டன் ட்ரெயில்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1931-இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், புளூ மவுண்டன்ஸின் புளூ கம் காட்டை வெட்டி வால்நட் மரம் நடப் போகிறார் குத்தகைக்காரர் என்று தெரிந்ததும், நடைக்காரர்கள் காசு சேர்த்தும் கடன்பட்டும் 130 பவுண் கொடுத்து அந்தக் குத்தகையை மீட்டார்கள். அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. டன்ஃபியின் வரைபடப் பிரதி ஒன்றை நூலகத்தில் பார்த்துவிட்டு வந்த அன்று அத்தான் நெடுநேரம் அதைப் பற்றியே பேசினார். அளவைக்காரருக்கு அளவைக்காரரைத் தெரியும்.

இப்போது திட்டம் போடுவது மருமகள். அன்று அக்காவின் தோளில் இருந்த குழந்தைதான். நூலும் அடிமட்டமும் அவளுக்குத் தேவையில்லை. கைபேசியில் விரலை இழுத்தால் தூரமும் ஏற்றமும் வந்துவிடும். அன்று வரைபடம் வாங்க நகரத்துக்குள் அலைந்தோம், பாதையில் ஆளில்லை. இன்று வரைபடம் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. விடுமுறை நாளில் வட்டமொல்லாவில் கார் நிறுத்த இடமில்லை. காடு பலருக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. ஒரு படத்தைப் பார்த்துத் தொடங்கும் திட்டத்தில் திரும்பி வருவது இருப்பதே இல்லை.

பண்டீனாவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் வெடிங் கேக் ரொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைவெளேரென்று கடலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. நாங்கள் நடந்த காலத்தில் அதற்காக யாரும் நின்று பார்த்ததில்லை. சமூக வலைத்தளங்களில் படம் பரவி, கூட்டம் கூடி, 2015-இல் பாறையைச் சோதித்தபோது அது கடலுக்குள் விழக்கூடிய நிலையில் இருப்பது தெரிந்தது. வேலி போட்டார்கள். வேலியைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். தெற்கே ஃபிகர் எயிட் பூல்ஸில், பாறைத் தட்டில் வட்டமாய்க் கிடக்கும் நீர்க்குழிகளைப் பார்க்கப் போனவர்களை அலை அடித்துப் பாறையில் தேய்த்திருக்கிறது. இணையத்தில் அலை அபாய அளவை வெளியிடுகிறார்கள். ஒரு நிமிடம் செலவழித்து அதைப் பார்த்துவிட்டுப் போனால் எத்தனை தோலும் எலும்பும் தப்பும்!

அன்றையதை விட இன்றைக்கு நல்லதாகிப் போனவையும் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜிபன் முனையில் பூர்வகுடிகளான தராவல் மக்கள் பாறையில் செதுக்கிய திமிங்கிலமும் திருக்கையும் எங்கள் வரைபடத்தில் ஒரு சின்னக் குறி மட்டுமே. யாருடைய மண்ணில் நடக்கிறோம் என்று அது சொல்லவில்லை. இன்று அங்கே நின்று பார்க்கத் தளம் இருக்கிறது, அவர்களுடைய கதை எழுதியிருக்கிறது. சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு வந்த நாங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே நடந்துகொண்டிருந்தோம் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. தீ அபாயமும் அப்படித்தான். அன்று வானொலியைக் கேட்டு ஊகிப்போம். இன்று நான்கு படிநிலைகளில் அபாய அளவு சொல்கிறார்கள். பூங்காவை மூடினால் உடனே தெரிகிறது. அத்தான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாள் இணையத்தில் நிரப்பும் படிவமாகிவிட்டது: எந்தப் பாதை, யார் யார், எப்போது திரும்புவீர்கள், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். புளூ மவுண்டன்ஸில் அவசரகாலச் சமிக்ஞைக் கருவியை இலவசமாகவே இரவல் தருகிறார்கள். கைபேசி எடுக்காத பள்ளங்கள் இந்தக் காடுகளில் நிறைய. அந்தக் கருவியை வாங்காமல் இறங்குவது சரியில்லை.

மருமகள் படிவத்தை நிரப்பிவிட்டு ஒரு பிரதி அச்சடித்து அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டுகிறாள். முழங்கால் தேய்ந்து நடையை விட்டுவிட்ட அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வாசித்து, ‘பெரோவ்ராவிலயிருந்து கோவனுக்கு ஐஞ்சு மணித்தியாலம் காணாது, ஆறு வை பிள்ளை’ என்று திருத்துகிறார். அவளும் ஆறு வைக்கிறாள்.

போன மாதம் கோயிலால் திரும்பி வரும்போது அக்கா காரில் கேட்டா: ‘எனக்கும் நடக்கக்கூடிய பாதை ஏதும் அங்க இருக்கோ?’ மருமகள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். அன்றிரவே தேடி எடுத்தது ராயல் பூங்காவில் பங்கூனா பார்வைமுனை. சக்கர நாற்காலியும் போகக்கூடிய சமமான பாதை, ஹக்கிங் ஆறு கீழே தெரியும், அத்தானின் முழங்காலுக்கும் தோதானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன் போய் வருவதாகத் திட்டம். அக்கா தாளைக் கேட்டு வாங்கி, திரும்பும் நேரத்துக்குக் கீழே தன்னுடைய பெயரையும் எழுதச் சொன்னா. வீட்டில் காத்திருக்க இந்த முறை ஆள் இல்லை என்பதால், பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று.