தண்ணீருக்கும் ஒரு பெயர் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
தரைத்தளவாசிகள்,
தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு மற்றும் சுற்றுவட்டாரம்,
சென்னை.

பெறுநர்:
வெப்பமண்டலப் புயல்களுக்கான குழு,
உலக வானிலை அமைப்பு மற்றும் ஐ.நா. ஆசிய பசிபிக் பொருளாதார, சமூக ஆணையம்.

பொருள்: வங்கக் கடலில் சுழலும் காற்றுக்குப் பெயர் சூட்டுவது போல, எங்கள் தெருவில் தேங்கும் தண்ணீருக்கும் பெயர் சூட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) டிசம்பர் 2015. 2) நவம்பர் 2021. 3) டிசம்பர் 2023. 4) டிசம்பர் 2025. 5) இனி வரும் எல்லா ஐப்பசி, கார்த்திகையும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

புயல்களுக்காக 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் தந்து, 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020 ஏப்ரலில் வெளியானபோது இங்கே ஊரடங்கு. வேறு வேலை இல்லாததால் பட்டியலை முழுக்கப் படித்தோம். இந்தியா தந்த பெயர்களில் ‘முரசு’ இருப்பதைப் பார்த்துப் புல்லரித்துப்போனோம். ‘நீர்’ என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் விசாரித்தால் அதுவும் காற்றுக்குத்தானாம். 2025 நவம்பர் கடைசியில் ஏமன் தந்த ‘டித்வா’வோடு பட்டியலின் இரண்டாவது வரிசை தீர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் முதலில் வங்கதேசத்தின் அர்னாப், அடுத்தது நம் முரசு. அது கொட்டுவதற்குள் எங்கள் குறையைத் தங்கள் காதில் போட்டுவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறோம்.

உங்கள் விதி எங்களுக்கு மனப்பாடம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், உடனே பெயர். தொடாவிட்டால் தாழ்வு மண்டலம், பெயர் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வருவது காற்று இல்லையே!

கணக்கைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்தது பெயரில்லாத மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தது. இந்த ஊர் இத்தனை ஆண்டுகளில் பட்ட பெரிய அடிக்கு உங்கள் பதிவேட்டில் பெயர் இல்லை. 2021 நவம்பர் 7-ஆம் தேதி விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தி. நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அதற்கும் பெயர் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 30, யாரும் எதிர்பாராத பிற்பகல் மழையில் சுரங்கப்பாதைகள் மூடப்பட்டு, ஆபீஸ் விட்டவர்கள் நள்ளிரவில் வீடு சேர்ந்தார்கள். அதற்கும் இல்லை.

பெயருள்ளவர்கள் கதை வேறு. 2023-இல் மிக்ஜாம் இரண்டு நாள் எங்களை மூழ்கடித்துவிட்டு, கரையைக் கடக்க மட்டும் 300 கிலோமீட்டர் வடக்கே பாபட்லாவுக்குப் போனது. டித்வா இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தத் துயரத்தின் முன் எங்கள் புலம்பல் சின்னது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அது எங்களிடம் வந்தபோது வலுவிழந்து, புயல் என்ற தகுதியையும் இழந்துவிட்டிருந்தது. பதவி போன பிறகுதான் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் உட்கார்ந்துகொண்டு கொட்டியது. பெயருக்கு ஏற்ற மரியாதையோடு நேராகச் சென்னைக்கே வந்து இறங்கியது 2016-இன் வர்தா ஒன்றுதான். அது ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. விதிப்படி நடந்துகொண்ட ஒரே புயல்.

காற்றை அளப்பது தப்பு என்று சொல்லவில்லை. நொச்சிக்குப்பத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் காற்றுதான் உயிர்ப் பிரச்சினை. ஆனால் அவர்கள் உங்கள் பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள் இல்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று தாத்தா காலத்திலேயே காற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கடலின் நிறம் பார்த்து, புயல் கூண்டு ஏறுவதற்கு முன்பே படகை மேட்டுக்கு இழுத்துவிடுவார்கள். பெயருக்காக ஏங்குவது கடற்கரைச் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள்தான்.

நாங்கள் எப்படித் தயாராகிறோம் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே புயல் என்றால் முதலில் நகர்வது கார். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவ, அப்படி எதுவும் இல்லை என்று போலீசே சொல்ல வேண்டியதாயிற்று. அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட். அன்று மழை வடக்கே போய்விட்டது, கார்கள் வெயிலில் காய்ந்தன. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. காரை ஏற்றி நிறுத்தியவர்கள் நம்பியது வானிலை அறிக்கையை இல்லை, தங்கள் தெருவை. மழை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது மாநாடு. காலை பால் வாங்கும் இடத்தில் கூடும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் செல்போனைக் காட்டுவார்.

“சார், ஜி.எஃப்.எஸ். மாடல் சென்னைங்குது. யூரோப்பியன் மாடல் புதுச்சேரிங்குது.”

“யூரோப்பியனைத்தான் நம்பணும் சார். வெதர்மேன் போஸ்ட் போட்டாச்சா?”

பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் பொறுமையாகச் சொல்வார்: “எந்த மாடல் வந்தாலும் செப்டிக் டேங்க் நம்ம கேட் கிட்டதான் சார் பொங்கும்.”

அந்த வட்டாரத்தில் தெரு அளவில் துல்லியமான முன்னறிவிப்பு தருகிற ஒரே நிபுணர் அவர்தான்.

பிறகு வீட்டு வேலை. பிரெட், மெழுகுவர்த்தி, ஆவின் பாக்கெட் நாலு. பத்திரம், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு மூன்றையும் பாலித்தீன் பையில் சுற்றி முதல் மாடி மாமியிடம் ஒப்படைப்பது. ஃப்ரிட்ஜுக்குக் கீழே செங்கல். சம்ப்பின் மூடியைச் சுற்றி மணல் மூட்டை, இல்லாவிட்டால் சாக்கடையும் மெட்ரோ வாட்டரும் ஒன்றாகிவிடும். தெருமுனை பில்லர் பாக்ஸின் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் கரண்டை நிறுத்துவார்கள் என்று அதில் சாக்பீஸால் ஒரு கோடு. மாடியில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்து படிகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளில் 1 முதல் 10 வரை ஆபத்தைச் சொல்பவை. 11-ஆம் எண்ணுக்கு அர்த்தம், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது. கரண்ட் போய், செல்போன் டவரும் படுத்து, புகார் எண் எந்நேரமும் பிசியாக இருக்கும் தெருக்களில் 11-ஆம் எண் கூண்டை நிரந்தரமாகவே ஏற்றிவிடலாமா என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்பது பரம ரகசியமும் இல்லை. தி. நகர் 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துக் கட்டிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. ஏரி இல்லாமல் பெயர் மட்டும் தனியாக இருப்பது நியாயமில்லை என்று நினைத்தோ என்னவோ, மழைக்காலத்தில் ஏரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. தி. நகர்த் தண்ணீர் மாம்பலம் கால்வாயில் இறங்கி, நந்தனம் வழியாக அடையாற்றைப் பிடித்து, முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். கடல் பொங்கினால் ஆறு நிற்கும், ஆறு நிறைந்தால் கால்வாய் நிற்கும், கால்வாய் நின்றால் உஸ்மான் ரோடு நிற்கும். மயிலாப்பூர்த் தண்ணீருக்கு பக்கிங்ஹாம் கால்வாய்தான் கதி. அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. நடுவில் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். இந்தத் தெருத் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகிறது. அடுத்த தெருவுக்கும் ஒரு மோட்டார் வருகிறது. அது இறைப்பது எங்கே போகும் என்று கேட்காதீர்கள்.

இதற்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. பெயர் வைத்ததும் குற்றவாளி கிடைத்துவிடுகிறான். “மிக்ஜாம் புயலால் பாதிப்பு” என்று எழுதினால், வழக்கு வங்கக் கடலின் மேல் போய்விடுகிறது. பெயரில்லாத மழைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது: “வரலாறு காணாத மழை.” 1943, 1976, 1985, 2005, 2015 என்று வரலாறு பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது. இன்னும் காணவில்லை என்கிறார்கள். 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள். 2023-இல் அறிக்கை வந்தது. அதே டிசம்பரில் மிக்ஜாமும் வந்தது. 4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் எங்கே போனது என்று எதிர்க்கட்சி கேட்டது, வடிகால் இருந்ததால்தான் இவ்வளவோடு தப்பித்தோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. இருவரும் சொன்னதை நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டோம்.

ஆகவே, தங்கள் விதிகளுக்கு உட்பட்டே சில பெயர்களைப் பரிந்துரைக்கிறோம். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மிகக் கூடாது, உச்சரிக்க எளிதாக இருக்க வேண்டும், அரசியல், மதம், பாலினச் சார்பு கூடாது என்பவை நிபந்தனைகள்.

‘சப்வே’: துரைசாமி, அரங்கநாதன் ஆகிய இரு சுரங்கப்பாதைகளின் நினைவாக.

‘பம்ப்செட்’: மேலே விளக்கியபடி.

‘டெண்டர்’: எந்தக் கட்சி ஆண்டாலும் பொருந்துவதால் அரசியல் நடுநிலையில் இதை மிஞ்ச ஆளில்லை.

‘கமிஷன்’ என்றும் ஒரு பெயர் வந்தது. யார் மனதும் புண்படக் கூடாது என்ற விதியை மதித்து நாங்களே நீக்கிவிட்டோம்.

ஒருமுறை சூட்டிய பெயரை மறுபடி சூட்டக் கூடாது என்ற விதியை மட்டும் எங்களுக்காகத் தளர்த்த வேண்டும். எங்கள் தண்ணீர் வருஷா வருஷம் அதே தெருவில், அதே வாசலில்தான் நிற்கிறது. ஆண்டுக்கொரு புதுப்பெயர் வைத்தால் பழைய உறவை அவமதித்தது போல் ஆகும்.

இந்தப் பெயர்கள் எதுவும் ஏற்புடையதாக இல்லையென்றால், மாற்று ஏற்பாடாக இன்னொன்று. வடிகால் மூடிகளின் மேல் ஒரு பலகை வைக்க ஆவன செய்ய வேண்டும். இந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எத்தனை சென்டிமீட்டர் மழை வரை தாங்கும், மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வடியும், வடியாவிட்டால் எந்த அதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்ற ஐந்து வரி போதும். கடைசி வரியில் வரும் அந்த அதிகாரியின் பெயரையே தண்ணீருக்கும் வைத்துவிடலாம். உங்கள் பட்டியலில் ஓர் இடம் மிச்சமாகும். அவ்வளவு பேரில் ஒருவருக்காவது தன் பெயர் முழங்கால் அளவுக்கு நிற்பது பிடிக்காமல் போகலாம் என்று ஒரு நப்பாசை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைத்தளவாசிகள்.

நகல்:
1) பெயர் தந்த 13 நாடுகளுக்கு – அன்புடன்.
2) பெருநகர சென்னை மாநகராட்சிக்கு – தகவலுக்காக மட்டும்.
3) தென்மேற்கு வங்கக் கடலில் அடுத்து உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிக்கு – நடவடிக்கைக்காக. இதுவரை நேரில் வந்து ஆய்வு செய்தது அது ஒன்றுதான்.