மேலே அவர்கள், கீழே நான்

டி.வி.யில் ஜோர்டான் நாட்டுப் பெட்ராவைக் காட்டித் தொலைத்தார்கள். பாலைவனத்தில் செம்பாறையைக் குடைந்து நபாட்டியர்கள் அமைத்த ஊர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இடுக்கிலேயே நடந்து போனால், சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு முகப்பு நிற்கிறது. "ஒரு தடவ பாத்துரணும்ங்க" என்றாள் வீட்டுக்காரி. பன்னீர் திராட்சை விலை அந்த வாரம் கிடந்த கிடையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இதுக்குப் போயி ஜோர்டானா? நம்ம கழுகுமலையிலயே இருக்கு" என்று வாயை விட்டேன்.

விடியுமுன் உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, தேனி, மதுரை, கோவில்பட்டி என்று மாறி மாறிப் போய் இறங்கினால் உச்சி வெயில். சாரலில் வளர்ந்த உடம்பு கரிசல்காட்டு வெயிலைத் தாங்குமா? அவள் விறுவிறுவென்று மலையேறினாள். நான் பத்தடிக்கு ஒருமுறை நின்று இயற்கையை ரசித்தேன். மூச்சு வாங்குவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

வெட்டுவான் கோயிலைக் கண்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை. கல்லை அடுக்கிக் கட்டுனதில்ல. மூணு பக்கமும் மலையை வெட்டியெடுத்துட்டு, நடுவுல நின்ன பாறையை உச்சியிலருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்காங்க, எல்லோரா கைலாசநாதர் கோயில் மாதிரி. அந்தா பாரு, மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி!"

"அது சரி, அடிப்பக்கம் ஏன் கரடுமுரடாக் கெடக்கு?"

"அத முடிக்கல. பாதியில விட்டுட்டாங்க" என்றேன், நானே விட்டதுபோலப் பெருமையாக.

"மேல முடிச்சிட்டுக் கீழ விட்ருக்காக. நம்ம வீட்டுல நீங்க கீழ முடிச்சிட்டு மேல விட்ருக்கீக. ரெண்டையும் சேத்தா முழுசா ஒரு வீடு வரும்."

மாடி கட்ட 11 வருஷத்துக்கு முன்னால் நீட்டிவிட்ட கம்பிகளைத்தான் சொல்கிறாள். பதில் தோன்றாமல் அப்படியே பாறையில் உட்கார்ந்தேன். திராட்சைப் பை அங்கே இருந்தது. வெள்ளை வேட்டி. பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிற்பத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

உத்தமபாளையம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வழி கேட்கவே வேண்டாம். மொட்டைமாடியில் 16 கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஊதாக் கறையோடு ஒன்றில் என் வேட்டி காயும்.