சிவப்பு வட்டமா, நீல வட்டமா?

எண்பதுகளில் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏற வேண்டுமென்றால் மலையாளம் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அந்த எழுத்து தண்ணீர்பட்ட பாடு. பிறகு பிறந்த எனக்கோ போர்டு முழுக்க ஒரே சுழி. வாயைத்தான் திறந்தேன். "சேட்டா, மெடிக்கல் காலேஜ்?" கண்டக்டர் முகத்தைக்கூடத் திருப்பாமல் "போகும், கேறிக்கோ" என்பார். அதற்குள் அவர் கை தலைக்கு மேலே ஓடும் மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்திருக்கும். ஒரு மணிக்கு வண்டி நிற்கும், இரண்டு மணிக்குப் புறப்படும். அந்த வண்டியில் இருந்த குறியீடு அவ்வளவுதான், அதுவும் டிரைவருக்கு.

இப்போது விஞ்ஞானம் வந்துவிட்டது. 2021 இறுதியில் கேரள அரசு பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. நகருக்குள் சிட்டி சர்குலர் பஸ்களைத் தொடங்கியது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஏழு நிறத்தில் ஏழு வட்டங்கள். எழுத்தே தெரிய வேண்டாம். நல்ல யோசனைதான், கிண்டலில்லை. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் நிறக் கோடுகளால் வரைந்து 1933-இல் வெளியான வரைபடத்தைப் பார்த்துத்தான் பாதி உலகம் படம் போடுகிறது. 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் விட்டபோது அதை நடத்த வந்த சால்ட்டர் துரையும் லண்டன் போக்குவரத்து வாரியத்து ஆள்தான். துரை வந்துவிட்டார், நிறம் வந்து சேர எண்பத்துச் சொச்சம் வருஷம் பிடித்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது பெரிய தாமதமில்லை.

ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து இறங்குகிற அம்மாவுக்குத் தெரிந்தது ஓர் இடத்தின் பெயர் மட்டும். அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? போதாததற்கு, ஒரே நிற வட்டத்தில் வலம் சுற்றுகிற பஸ்ஸும் உண்டு, இடம் சுற்றுகிற பஸ்ஸும் உண்டு. மாறி ஏறினாலும் பாதகமில்லை, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலை டோக்கன்தான் கைவிட்டுப் போகும். பக்கத்தில் நின்ற பையன் போனில் படத்தைப் பெரிதாக்கி இதையெல்லாம் அழகாக விளக்கினான். அந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நேரே கண்டக்டரிடம் போனார்.

"அண்ணே, ஆர்.சி.சி. போகுமா?"

"போகும், கேறிக்கோ அம்மே."

வைத்தியத்துக்கு வரும் நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று: புற்றுநோய் மையமான ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி இரண்டுமே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் இருக்கின்றன. நிறத்தைத் தேடி நிற்காமல் 'மெடிக்கல் காலேஜ்' என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.