பின்கட்டுப் பீட்சா அடுப்புக்கு ஏற்ற செங்கல்: பச்சைமலை அடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்ரீரங்கத்தில் வீடும் துறையூரைத் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு தோட்டமும் உள்ள குடும்பத்தலைவர் ஒருவர், பின்கட்டில் பீட்சா அடுப்பு கட்டத் தீர்மானிக்கிறார் என்று கொள்வோம். அவர் எந்தச் செங்கல்லை வாங்க வேண்டும்? சோழர் நிர்வாகத்துக்கும் காவிரிப் பாசனத்துக்கும் அலமாரி அலமாரியாக நூல்கள் இருக்க, இக்கேள்வி மட்டும் கொத்தனாரின் அன்றைய மனநிலைக்கு விடப்பட்டிருப்பது அறிவுலகத்துக்கு அழகல்ல.

முதலில் தொல்லியல் சான்று. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி கிடைத்தது. பீட்சா அடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே இவ்வட்டாரச் செங்கல் தண்ணீரைத் தாங்கும் என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய கோபுரங்களோ அடியில் கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும் என எழுந்தவை. கனமானது கீழே, லேசானது மேலே என்ற அந்தக் கொள்கையை நினைவில் வைப்பது நல்லது.

அறிஞர்கள் இரு கட்சி. 1965 முதல் கொதிகலன் செய்துவரும் பெல் ஆலை இருக்கும் ஊரில், 'பயர் பிரிக்' கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். அந்தக் கல் 1,400 டிகிரிக்கு மேலும் அசையாது. எதிர்க்கட்சி நாட்டுக்கல்லின் பக்கம். இதற்கிடையே சேலத்து மாக்னசைட் கல்லைச் சிபாரிசு செய்யும் தீவிரவாதிகளும் உண்டு. அது எஃகு உலைக்கானது. பீட்சாவுக்கு அதை வாங்குவது கொசு விரட்டக் கோயில் யானையை அழைப்பதற்குச் சமம்.

நேப்பிள்ஸ் பீட்சாவுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் பதிவுசெய்த விதிப்படி அடுப்பின் சூடு 485 டிகிரி; வேகும் நேரம் 60 முதல் 90 நொடி. நாட்டுச் செங்கல்லோ சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் வெந்து வந்தது. அப்படியானால் சூடு அதற்குப் புதிதல்ல. அதைக் கொல்வது அடிக்கடி சூடேறி ஆறுவதும், உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி வெளியே முட்டுவதும்தான். அப்போது கல் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் பாலாடைக்கட்டியின் மேல் விழுந்தால் மிளகுத்தூள் என்று விருந்தினரை நம்பவைப்பது கடினம்.

எனவே கல்லைச் சோதிக்க வேண்டும். இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் வேகாத கல். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நிறுத்தால், எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. மூன்று கிலோக் கல் அறுநூறு கிராமுக்கு மேல் குடித்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

தரையின் கதை வேறு. மாவு நேராக அதன்மேல் படுக்கிறது. உள்ளே தள்ளும் கரண்டி தினமும் உரசுகிறது. அங்கே வழவழப்பான பயர் பிரிக் தேவை. ஆனால் மிக அடர்த்தியான, அலுமினா மிகுந்த கல் சூட்டை வேகமாகக் கடத்தி அடிப்பாகத்தைக் கருக்கிவிடும். நேப்பிள்ஸ்காரர்கள் இதனால்தான் சொரெண்டோ பக்கத்துக் களிமண் பலகைகளைத் தேடிப் போகிறார்கள். விலை ஏற ஏறப் பீட்சா சுவைக்கும் என்ற கருதுகோள் இங்கே உடைகிறது.

கலவை பற்றி ஒரு வார்த்தை. 1939 முதல் சிமென்டு தயாராகும் டால்மியாபுரத்தின் அருகிலிருந்து இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்: சூடு படும் இணைப்புகளில் சாதாரண சிமென்டு ஆகாது. 400 டிகிரியைத் தாண்டினால் அதன் பிடிமானம் சிதைந்து பொடிந்துவிடும். தீக்களிமண்ணும் மணலும் சேர்ந்த கலவையே சரி.

ஆய்வின் முடிவு வருமாறு. ஒரு மீட்டர் விட்டமுள்ள தரைக்கு 9 அங்குலம், நாலரை அங்குல அளவுள்ள பயர் பிரிக் சுமார் 30 போதும்; வெட்டுச் சேதத்துக்கு ஐந்தாறு கூடுதலாக வாங்கவும். குவிமாடத்துக்கு நன்கு வெந்த நாட்டுக்கல். கட்டி முடித்ததும் ஒரு வாரம் சிறு தீ மட்டும் மூட்டி ஈரத்தை விரட்டவும். பீட்சா வெந்தபின் மிஞ்சும் தணலில் பச்சைமலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கைச் சுடலாம். அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் இதுவரை விதி எதுவும் வகுக்கவில்லை.