பதின்மூன்றாம் வாயில்: கன்சல்டன்சி அழைப்புகள் குறித்த ஓர் அகத்திணை ஆய்வு

தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்லத் தக்கவர் என்று தோழி, தாய், பாங்கன், பாணன் முதலாகப் பன்னிரு வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் வகுத்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் அன்று கண்ணாடிக் கட்டடங்கள் இல்லாமையால் பதின்மூன்றாவது விடுபட்டுப்போனது. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. ஈண்டுத் தலைவன், வேறு வேலை தேடும் மென்பொருள் பொறியாளர்; தலைவி, கம்பெனி. இடையில் நின்று கன்சல்டன்சியிலிருந்து போன் செய்பவரை இனி வாயிலார் என்போம்.

முதற்பொருளில் நிலமாவது ஆபீஸின் ஃபயர் எக்ஸிட் படிக்கட்டு. சிறுபொழுது, காலை ஸ்டாண்டப் மீட்டிங். பிற நேரத்தில் அழைப்பு வந்ததற்குச் சான்றில்லை. பெரும்பொழுது, அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த மறுவாரம். உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தலே: "ஃபீட்பேக் இன்னும் வரலை சார்."

வாயிலார் கேட்பவை மூன்று: கரண்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட். முன்னிரண்டில் சிக்கலில்லை, பொய் சொல்லலாம். மூன்றாவதுதான் முடிச்சு. தன்னிடம் இருப்பவரை 90 நாள் நோட்டீஸில் கட்டிப்போடும் அதே தலைவி, வருகிறவர் மட்டும் இமீடியட் ஜாய்னராக இருக்க வேண்டும் என்கிறாள். அவ்விலக்கணத்துக்கு முழுதும் பொருந்துபவர் வேலையில்லாதவரே. அவரிடம் "ஏன் சார் கேப்?" என்று கேட்பதும் மரபு.

இனி, வாயிலார் யாருடைய ஆள்? "நமக்காக அலைகிறார், ஆகவே நம்ம ஆள்" என்பது தலைவன் கட்சி. அதை மறுக்கிறோம். கூலி கொடுப்பவள் தலைவி. ஆண்டுச் சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இத்தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. தலைவன் 12 லட்சத்துக்குச் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஏறக்குறைய 1 லட்சம். அவன் அடம்பிடித்து 13 லட்சம் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது எட்டாயிரத்துச் சொச்சம். அடத்தால் காரியம் கெட்டாலோ லட்சமும் போச்சு. "பட்ஜெட் அவ்வளவுதான் சார், கம்பெனி பேரைப் பாருங்க" என்ற அறிவுரை பிறக்கும் இடம் இதுவே. இதில் வஞ்சகம் ஏதுமில்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

வாயில் பல வைத்தலும் குற்றமாம். ஒரே ரெஸ்யூம் இரு கன்சல்டன்சி வழியாகப் போனால் 'டூப்ளிகேட் ப்ரொஃபைல்' என்று ஒதுக்கும் தலைவியர் உளர். கமிஷன் யாருக்கு என்ற வழக்கை அவர்கள் விரும்புவதில்லை. எந்தக் கம்பெனிக்கு என்று கேட்காமல் ரெஸ்யூம் அனுப்பாதீர்.

சேர்ந்தபின் வாயிலார் காட்டும் பரிவு தனிச் சிறப்புடையது. "எப்படி சார் போகுது, செட் ஆயிட்டீங்களா?" என்று அவ்வப்போது விசாரிப்பார். குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் 90 நாளுக்குள், ஆள் ஓடிவிட்டால் இலவசமாக மாற்றாள் தேட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. காலக்கெடு தாண்டியதும் பரிவு பாலையாகும்.

இவ்வளவும் தலைவியிடம் கூலி பெறும் வாயிலாருக்கே பொருந்தும். "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, நாளைக்கே ஆஃபர் லெட்டர்" என்று தலைவனிடமே ஜிபே எண் அனுப்புபவர் நம் ஆய்வு எல்லைக்கு வெளியே இருப்பவர். அவர் குறித்த மேல் விசாரணைக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும்.