கூலிங் இருக்கா அண்ணே?

காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் கையில் பட்டுப்புடவையைக் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். கரையைக் கோர்வை போட்டுச் சேர்த்திருக்கிறார்களா என்று முதுகுப் பக்கத்தைப் புரட்டிப் படிப்பார். அதே மனிதர் சாயங்காலம் பீர் வாங்கப் போனால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கூலிங் இருக்கா அண்ணே?"

பீரின் பெயரைக் கேட்கமாட்டார். பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் அது நல்ல பீர்.

இதை வைத்து எங்களுக்குப் பீர் பற்றி அபிப்பிராயமே கிடையாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உண்டு, நிறைய உண்டு, அடிதடிக்குத் தயாரான உறுதியோடு உண்டு. அடிக்கடி மாறும், அவ்வளவுதான். மற்ற நாடுகளில் வயதும் பயணமும் நாக்கைப் பக்குவப்படுத்துவதால் பீர் பற்றிய கருத்து மாறுகிறதாம். எங்கள் ஊரில் கருத்து லாரியில் வந்து இறங்கும். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். அன்றைக்கு எது இறங்கியதோ, அதைப் பற்றி இரவு பத்து மணிக்குள் எங்களுக்கு நல்லெண்ணம் பிறந்துவிடும்.

என் மச்சான் ஒரு பிராண்டை வருஷக்கணக்கில் "சோப்புத் தண்ணி" என்று திட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை வேறு எதுவும் கிடைக்காத வாரம் வந்தது. வியாழக்கிழமை, "பரவால்ல மாமா, தொண்டைல எறங்குது" என்றான். சனிக்கிழமை, "இதுலயும் ஒரு இது இருக்குது" என்றான். அடுத்த மாதம் அதை எனக்கே சிபாரிசு செய்தான். சோப்புத் தண்ணி என்னவாயிற்று என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் ஃபார்முலாவ மாத்திட்டான் மாமா. இப்ப நல்லாப் பண்றான்." மச்சான் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. கம்பெனிகள்தான் அவனுக்காக மாறிக்கொண்டே இருக்கின்றன.

முதல் பீர் யாருக்கும் பிடிக்காது. கசப்பென்றால் நஞ்சாக இருக்கலாம் என்று நாக்குக்குப் பிறவியிலேயே சந்தேகம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூ கொடுக்கிற கசப்பு அது. சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பை நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். இருபது வயதில் பாலாற்று மணலில் உட்கார்ந்து (தண்ணீர் ஓடாத ஆற்றின் பெரிய வசதி அது) முகத்தைச் சுளிக்காமல் விழுங்குவதுதான் ரசனை. அடுத்து ஸ்ட்ராங் பீர்க் காலம். அதே 650 மில்லி, விலையில் கொஞ்சம்தான் கூடுதல், ஆல்கஹால் மட்டும் எட்டு சதவீதம் வரை. கூலிக் கணக்குப் போட்டே வளர்ந்த ஊருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. லைட் பீர் குடித்தவனை, சின்னக் குழந்தையைப் போல் ஓரமாக உட்காரவைத்தோம்.

பிறகு பச்சைப் பாட்டில் வந்தது. பச்சை என்றால் ஃபாரின், ஃபாரின் என்றால் உசத்தி. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் கெட்டு ஒரு வாடை வரும். அதைத் தடுக்கத்தான் பழுப்புப் பாட்டில். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. எங்கள் செட்டில் ஒவ்வொருவரும் அந்த வாடையைத்தான் மூச்சிழுத்து முகர்ந்து, "வாசனையே வேறப்பா" என்று சிலாகித்தோம்.

சித்தப்பாவின் கட்சி தனி. 1971இல் மதுவிலக்கு விலகி, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி விலகிய காலத்தில் வாலிபராக இருந்தவர். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திவரதர் 1979இல் குளத்தைவிட்டு எழுந்தருளியபோது ஊரில் பீர் கிடையாது. பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்க் குடித்த கோல்டன் ஈகிளைப் பற்றி இன்றைக்கும் கண் கலங்கப் பேசுவார். "அதுக்கு அப்புறம் எவனும் பீர் காய்ச்சலடா." பீரா அப்படி, பஸ் பயணமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். 2019இல் அத்திவரதர் மறுபடி வந்தபோது ஊரில் கடைகள் இருந்தன, சித்தப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தது.

சித்தப்பாவைவிடப் பழைய கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே வருகிறார். வலைஞர் குடியிருப்பை எட்டியதும் வழியை விட்டுவிட்டுச் செய்முறையில் இறங்கிவிடுகிறார். குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைவிட்ட நெல்லைச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். முளைத்த தானியத்தைப் போட்டுப் புளிக்கவைத்தால் அது பீரேதான். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். 500 அடிப் பாட்டில் சைட் டிஷ் வரைக்கும் மறக்காமல் சொன்ன புலவரை, தமிழாசிரியர்கள் ஏனோ அந்தப் பக்கத்தில் மட்டும் வேகமாகக் கடந்துபோனார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமும் காஞ்சித் தெருக்களில் நடக்கிற குடிகாரக் கூத்துதான். அதில் வரும் காபாலிகனுக்கு மதுக்கடை வேள்விச்சாலையாகவே தெரிகிறது. அவனும் பிராண்டைப் பற்றி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், பெங்களூருக்குப் போய் அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடைகளைப் பார்த்துவிட்டு வந்தான். கோதுமை பீர், ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை என்று வர்ணித்தான். "ரசத்துக்குப் போடுறத எல்லாம் இதுக்குப் போட்டுட்டானா?" என்றார் சித்தப்பா. பையன் விடவில்லை. பீரின் கசப்புக்கு மிளகும் சுக்கும் பொருந்தும் என்று காஞ்சிபுரம் இட்லியைத் தட்டில் வைத்தான். (ஓட்டல் இட்லி. பெருமாள் கோயில் குடலை இட்லியை இந்தப் பேச்சுக்குள் இழுக்க எனக்குத் தைரியமில்லை.) மிளகு சுருக்கென்று ஏற, பீர் அதை இறக்கிவைத்தது. மச்சான் நாலாவது துண்டை எடுத்துக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். எப்போது சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு இப்போது லைட் பீர்தான், அதிலும் பாதி. மெதுவாகக் குடித்தால் தானிய வாசனை தெரிகிறது, கசப்பு பின்னால் வருகிறது என்றெல்லாம் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். புடவைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப நல்லாவே இல்லன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு குடிச்சீங்க. இப்ப நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே அரை குடிக்கிறீங்க. இன்னும் கொஞ்சம் நல்லா ரசிக்கக் கத்துக்கங்க. காசு மிச்சமாகும்."