குளியலறைக் குழாய்களின் சாசனவியல்: ஐயம்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் படிக்கப்படாத சாசனம் இனி இல்லை என்று அறிஞர் உலகம் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஷவருக்கு இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு சாசனம் ஓடுகிறது. அதை இதுவரை எவரும் படி எடுத்ததில்லை.

ஆய்வுக்களம், காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையிலுள்ள நெசவாளர் ஊரான ஐயம்பேட்டை. சரிகையைக் கீறி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அசல் என்று ஒப்புக்கொள்ளும் தொழில் மரபு இது. இந்த மரபு குளியலறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விடப்படுவது ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

2. முன்னோர் கொள்கைகள்

பிளாஸ்டிக் ஷவர் குறித்து மூன்று கட்சிகள் உள்ளன. முதலாவது தவலைக் கட்சி: "பித்தளையில் குளித்தவர்களுக்கு என்ன வந்தது?" கடைசலுக்கு இலகுவாக இருக்கப் பித்தளைக் குழாய்களிலும் சிறிது ஈயம் சேர்ப்பதுண்டு என்பதை இக்கட்சி கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது வாட்ஸ்அப் கட்சி: பிளாஸ்டிக் என்றாலே விஷம். மூன்றாவது பிளம்பர் கட்சி: "எல்லாம் பைப்புதாண்ணே, தண்ணி வந்தா சரி."

மூன்றும் சாசனம் படியாதவை. எனவே மூன்றும் தள்ளுபடி.

3. சாசனமும் பொருளும்

உத்திரமேரூர்ச் சாசனம், சபைக்கு வருபவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் என்று வரம்பு கட்டியது. குழாய்ச் சாசனம் கட்டுவது வெப்ப வரம்பு. 'ஐ.எஸ். 4985' என்றிருந்தால் அது யு.பி.வி.சி.; 45 டிகிரி வரையுள்ள தண்ணீருக்கு மட்டுமே தகுதி. 'ஐ.எஸ். 15778' என்றிருந்தால் சி.பி.வி.சி.; குளோரின் கூடுதலாக ஏற்றப்பட்டது. 93 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் தந்த நிறத்தில் இருக்கும்.

கீசர் தண்ணீரோ 60 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க யு.பி.வி.சி. குழாயை அதில் மாட்டினால் குழாய் இளகித் தொய்யும், எல்போ கசியும். அதன்மேல் எம்-சீல் அப்பும் கலை தனி ஆய்வுக்குரியது.

4. ஈயம் பற்றிய ஆராய்ச்சி

பி.வி.சி. சூட்டில் சிதையாமல் இருக்க முன்பு ஈய உப்புகளைச் சேர்த்தார்கள். அந்த ஈயம் தண்ணீரில் கசியக்கூடும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் தனி விதியே கொண்டுவந்தது. குளிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. இத்தகைய ஈயம் தோல் வழியே எளிதில் ஏறாது. அதே பழைய குழாய் சமையலறைக்கும் போகிறதென்றால், பயப்பட வேண்டியது குடிப்பவர்.

5. எதிர்பாராத கண்டுபிடிப்பு

விஷத்தைத் தேடிப் போன ஆய்வு கிருமியில் முடிந்தது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் தங்கியவர்களைத் தாக்கிய மர்ம நிமோனியாவின் காரணம் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா என்று பிறகு தெரிந்தது. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு மாமியார் வீடு. குடிப்பதால் அல்ல, நுண்துளியை மூச்சில் இழுப்பதால் நோய் வரும்; நுண்துளி கிளப்புவதோ ஷவரின் பரம்பரைத் தொழில். முகூர்த்த மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும் குடும்பம், திரும்பியதும் ஷவரின் அடியில் நின்று திறப்பது ஆய்வு நோக்கில் தவறு. திறந்துவிட்டு வெளியே வந்து, சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உள்ளே போவதே முறை. உப்புத் தண்ணீரால் ஷவர் துளைகளில் படியும் வெள்ளைப் பொருக்கும் கிருமிக்கு ஒண்டுக்குடித்தனம். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும்.

6. முடிவுரை

தீர்ப்பு: தகுதியுள்ள பிளாஸ்டிக் குற்றவாளி அல்ல. தகுதி பாராமல் மாட்டுவதும், தேங்கவிட்டுக் குளிப்பதுமே குற்றம். ஆகவே ஐயம்பேட்டை மக்களுக்கு விண்ணப்பம்: அடுத்த முறை ஹார்டுவேர் கடைக்குப் போனால் கீசர் பக்கத்துக்கு 15778 என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எழுத்து அழிந்த குழாயை வாங்காதீர்கள்.